நெப்ராஸ்காவின் அந்த ஒரு வாக்கு

2024 செப்டம்பர் 18. அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஏழு வாரம்கூட முழுதாக இல்லை. தென் கரோலினா செனட்டர் லிண்ட்சே கிரஹாம் நெப்ராஸ்கா மாநிலத் தலைநகர் லிங்கனுக்கு வந்து, ஆளுநர் மாளிகையில் அந்த மாநிலச் சட்டமன்றத்தின் குடியரசுக் கட்சி உறுப்பினர்களைச் சந்தித்துப் பேசினார். பென்சில்வேனியா, மிச்சிகன் போன்ற இழுபறி மாநிலங்களில் இரண்டு கட்சிகளும் ஒவ்வொரு மணி நேரத்தையும் கணக்குப் பார்த்துச் செலவழித்துக்கொண்டிருந்த நேரம் அது. நெப்ராஸ்காவோ 1968 முதல் ஓர் அதிபர் தேர்தலில்கூடக் குடியரசுக் கட்சியைக் கைவிடாத மாநிலம். ட்ரம்ப்புக்கு வேண்டிய ஒருவர் அங்கே போய்க் கெஞ்சிக் கேட்க என்ன இருக்கிறது?

ஒரே ஒரு வாக்கு இருந்தது. அந்த ஒன்றுக்குப் பின்னால் முப்பது ஆண்டுக் கதை இருக்கிறது. ‘எப்போதும் இந்தக் கட்சிக்குத்தான்’ என்று நாம் ஒதுக்கி வைக்கும் ஒரு மாநிலத்தில், அந்த உறுதியில் மக்களின் பங்கு எவ்வளவு, எண்ணும் விதியின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இதைவிட நல்ல இடம் அமெரிக்காவில் இல்லை.

முதலில் விதி. அமெரிக்க அதிபரை மக்களின் மொத்த வாக்கு தீர்மானிப்பதில்லை. ஒவ்வொரு மாநிலத்துக்கும் இத்தனை தேர்வாளர் வாக்குகள் என்று ஒரு கணக்கு உண்டு. பிரதிநிதிகள் சபையில் அந்த மாநிலத்துக்கு எத்தனை இடமோ அத்தனை, கூடவே செனட்டின் இரண்டு இடங்களுக்காக இரண்டு. நாடு முழுக்க 538. 270 கிடைத்தால் வெள்ளை மாளிகை. இந்த வாக்குகளை எப்படிப் பிரித்துக் கொடுப்பது என்பதை மாநிலச் சட்டமன்றமே முடிவு செய்துகொள்ளலாம். 48 மாநிலங்களும் தலைநகர் வாஷிங்டனும் ஒரே வழியைப் பின்பற்றுகின்றன. ஒரு வாக்கு கூடுதலாகப் பெற்றவருக்கும் அந்த மாநிலத்தின் எல்லாத் தேர்வாளர் வாக்குகளும் போய்விடும். மெய்ன், நெப்ராஸ்கா இரண்டு மட்டும் விலக்கு. நெப்ராஸ்காவுக்கு உள்ள ஐந்தில், மாநிலம் முழுவதும் வென்றவருக்கு இரண்டு. மீதி மூன்றும் பிரதிநிதிகள் சபைக்கான மூன்று தொகுதிகளுக்கு ஒவ்வொன்று. எந்தத் தொகுதியில் யார் முந்துகிறாரோ அவருக்கு அந்த ஒன்று.

மூன்று தொகுதிகளில் இரண்டாவது, ஒமாஹா நகரத்தைச் சுற்றியது. அங்கேதான் சிக்கல். 2024இல் கமலா ஹாரிஸ் பென்சில்வேனியா, மிச்சிகன், விஸ்கான்சின் மூன்றையும் வென்று, தெற்கிலும் தென்மேற்கிலும் உள்ள இழுபறி மாநிலங்கள் அனைத்தையும் தோற்றிருந்தால் அவர் கணக்கு சரியாக 270. ஆனால் அந்த 270ஆவது வாக்கு ஒமாஹாவினுடையது. அதை எடுத்துவிட்டால் 269க்கு 269. அப்படி நின்றுபோனால் முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு வாக்கு. நாலு கோடிப் பேர் வாழும் கலிஃபோர்னியாவுக்கும் ஒன்று, ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் ஒன்று. அந்தக் கணக்கு குடியரசுக் கட்சிக்குத்தான் சாதகம். கிரஹாம் லிங்கனுக்கு வந்தது இதற்காகத்தான்.

சரி, இது எப்படிப்பட்ட ஊர் என்று பார்ப்போம். ஏறக்குறைய 2 லட்சம் சதுர கிலோமீட்டர் பரப்பு, 2020 கணக்கெடுப்பின்படி 19.6 லட்சம் மக்கள். மக்கள் தொகையைவிட மாடுகளின் எண்ணிக்கை மூன்று மடங்குக்கு மேல். மொத்தம் 93 கவுண்டிகள் (நம் மாவட்டங்கள் போன்றவை). ஒமாஹா உள்ள டக்ளஸ், தலைநகர் லிங்கன் உள்ள லான்காஸ்டர், இரண்டுக்கும் நடுவில் வளர்ந்துவரும் சார்ப்பி ஆகிய மூன்றில் மட்டுமே மாநிலத்தின் பாதிக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கிறார்கள். மற்றக் கவுண்டிகளில் பெரும்பாலானவை பத்தாண்டுக்குப் பத்தாண்டு ஆள் குறைந்துகொண்டே வருகின்றன. ஆர்தர் கவுண்டியின் மொத்த மக்கள் தொகை 434. நம் பக்கத்தில் ஒரு தெருவில் அத்தனை பேர் இருப்பார்கள். அங்கே அதற்கென்று ஒரு நீதிமன்றக் கட்டடமும் ஷெரிஃபும் உண்டு.

கிழக்கே மக்காச்சோளமும் சோயாவும். நடுவே நிலத்தடி நீரை இறைத்து, நீண்ட குழாயைச் சக்கரங்களின் மேல் வட்டமாகச் சுழற்றிப் பாய்ச்சும் வயல்கள். விமானத்திலிருந்து பார்த்தால் பச்சை வட்டங்களாகத் தெரிபவை அவைதான். வடமேற்கில் மணற்குன்றுகள். பெயர்தான் மணல், மேலே முழுக்கப் புல். உழுதால் காற்றில் பறந்துவிடும் மண் என்பதால் அங்கே மாடு மேய்ப்பதைத் தவிர வேறு தொழில் எடுபடாது. அந்தக் குன்றுகளின் நடுவில் உள்ள செர்ரி கவுண்டி, கனெக்டிகட் மாநிலத்தைவிடப் பெரியது. அங்கே வாழ்பவர்கள் ஐந்தரை ஆயிரம் பேர். கவுண்டியின் தலைமை ஊர் வாலன்டைன்.

வாலன்டைனைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். 2024இல் ஹாரிஸின் துணை அதிபர் வேட்பாளராக நின்ற டிம் வால்ஸ் சிறுவயதில் வளர்ந்தது இந்த ஊரில்தான். அதே தேர்தலில் மறுபடி செனட்டுக்கு நின்ற குடியரசுக் கட்சியின் டெப் ஃபிஷரின் குடும்பப் பண்ணையும் இந்த ஊரை ஒட்டித்தான் இருக்கிறது. ‘எங்கள் ஊர்ப் பிள்ளை’ என்ற பெயரில் வால்ஸுக்கு அங்கே எத்தனை வாக்கு விழுந்திருக்கும்? செர்ரி கவுண்டியில் நூற்றுக்கு எண்பத்தைந்துக்கும் மேல் ட்ரம்ப்புக்குத்தான். ஊர்ப்பாசம் கட்சிக்கு முன்னால் நிற்கவில்லை.

இதை அறியாமை என்று ஒதுக்குபவர்களுடன் எனக்கு உடன்பாடில்லை. இந்த மக்களின் அரசியலுக்கு நீண்ட வேர் உண்டு. 1892 ஜூலை 4 அன்று மக்கள் கட்சி தன் கொள்கை அறிக்கையை வெளியிட்டது ஒமாஹாவில்தான். ரயில்வேயை அரசு எடுத்துக்கொள்ள வேண்டும், வருமானம் கூடக் கூட வரியும் கூட வேண்டும், செனட்டர்களை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று கேட்ட கட்சி அது. கேட்டவர்கள் விவசாயிகள். விளைச்சலை ஏற்றிச் செல்லும் ரயில் கம்பெனி வைத்ததே கட்டணம், கடன் கொடுத்த வங்கி சொன்னதே வட்டி என்ற நிலையில் இருந்தவர்கள். லிங்கனில் வழக்கறிஞராக இருந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன் 1896, 1900, 1908 என்று மூன்று முறை ஜனநாயகக் கட்சியின் அதிபர் வேட்பாளராக நின்றார். மூன்று முறையும் தோற்றார்.

அடுத்து ஜார்ஜ் நோரிஸ். குடியரசுக் கட்சிக்காரராக செனட்டுக்குப் போய், பின்னால் சுயேச்சையானவர். மாநிலச் சட்டமன்றத்தில் இரண்டு அவைகள் எதற்கு, ஒன்றில் நடப்பதை இன்னொன்றில் மறைக்கத்தானே என்று கேட்டு, 1934இல் மாநிலம் முழுக்கக் காரில் சுற்றிப் பிரசாரம் செய்தார். இரண்டு செட் டயர் தேய்ந்து போனதாகச் சொல்வார்கள். மக்கள் ஒப்புக்கொண்டார்கள். 133 உறுப்பினர்கள் இருந்த இரண்டு அவைகள் போய், 1937 முதல் ஒற்றை அவை. இன்று 49 பேர். வாக்குச்சீட்டில் அவர்கள் பெயருக்குப் பக்கத்தில் கட்சிப் பெயர் இருக்காது. அமெரிக்காவில் வேறெந்த மாநிலத்திலும் இப்படி ஒன்று இல்லை. மின்சாரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நாட்டிலேயே மின் விநியோகம் முழுவதும் பொது வாரியங்கள், நகராட்சிகள், கூட்டுறவுகளின் கையில் உள்ள ஒரே மாநிலம் இது. 1982இல் பெரிய கம்பெனிகள் விவசாய நிலம் வாங்குவதைத் தடை செய்து அரசியலமைப்பிலேயே எழுதினார்கள். 2006இல் கூட்டாட்சி நீதிமன்றம் அதைச் செல்லாது என்றது.

இந்த மாநிலத்தையா நாம் பழமைவாதம் என்ற ஒரு சொல்லில் அடக்குகிறோம்? என் வாசிப்பு இது: இங்கே ஆழமாக ஓடுவது தூரத்து அதிகாரத்தின் மீதான சந்தேகம். ஒரு காலத்தில் அந்தத் தூரத்து அதிகாரம் ரயில் கம்பெனியாகவும் நியூயார்க் வங்கியாகவும் இருந்தது; அப்போது அந்தக் கோபம் இடது பக்கம் பாய்ந்தது. பிறகு அது வாஷிங்டனாகவும், வயலில் தேங்கும் நீருக்கும் விதி போடும் சுற்றுச்சூழல் துறையாகவும், தங்களை மதிக்கவில்லை என்று அவர்கள் நினைக்கும் கடற்கரை நகரங்களாகவும் மாறியது. கோபம் வலது பக்கம் போனது. தேவாலயம், துப்பாக்கி, கருக்கலைப்பு எல்லாம் அதோடு சேர்ந்துகொண்டன. 1932இலும் 1936இலும் ரூஸ்வெல்ட்டை ஆதரித்தவர்கள் 1940இல் விலகினார்கள். அதன் பிறகு இங்கே வென்ற ஒரே ஜனநாயகக் கட்சிக்காரர் 1964இல் லிண்டன் ஜான்சன்.

பணக் கணக்கு மட்டும் பேசுபவர்களுக்கு 2018 ஒரு பாடம். சீனாவுடன் வரிச்சண்டை தொடங்கியது. சீனா அமெரிக்க சோயாவுக்கு 25 சதவீத வரி போட்டது. நெப்ராஸ்கா விவசாயிக்கு நேரடி அடி. அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளில் நாடு முழுவதும் உள்ள விவசாயிகளுக்கு 2,800 கோடி டாலர் வரை உதவி என்று ட்ரம்ப் அரசு அறிவித்தது. விலை வீழ்ந்த கோபம் ஒரு பக்கம், கைக்கு வந்த காசோலை இன்னொரு பக்கம். வாக்கு அசையவே இல்லை. 2016இல் 58.7 சதவீதம், 2020இல் 58.2, 2024இல் 59.3. மாநிலத்தின் மேற்குப் பாதியையும் அதற்கு மேலும் பரவியுள்ள மூன்றாவது தொகுதியில் நாலில் மூன்று பேர் ட்ரம்ப்புக்கு வாக்களித்தார்கள்.

இப்படி முடிவு தெரிந்த இடத்தில் நவம்பர் தேர்தலுக்கு என்ன மதிப்பு? பல கவுண்டிகளில் உண்மையான போட்டி மே மாதமே முடிந்துவிடுகிறது. குடியரசுக் கட்சியின் உட்கட்சித் தேர்தலில் யார் வெல்கிறாரோ அவர்தான் ஷெரிஃப், அவர்தான் கமிஷனர், அவர்தான் ஆளுநர். அந்தத் தேர்தலில் வாக்களிக்க அந்தக் கட்சியில் பதிவு செய்திருக்க வேண்டும். 2022இல் ஆளுநர் வேட்பாளருக்கான உட்கட்சிப் போட்டி சூடானபோது ஜனநாயகக் கட்சிக்காரர்கள் சிலரே தங்கள் பதிவை மாற்றிக்கொண்டு வந்து வாக்களித்தார்கள். கட்சியை மாற்றியதால் கொள்கை மாறியதாக அர்த்தமில்லை. தங்கள் வாக்குக்கு எங்கே வேலை இருக்கிறதோ அங்கே கொண்டுபோனார்கள், அவ்வளவுதான். பதிவுப் பட்டியலை வைத்து ஒரு மாநிலத்தின் மனதை அளப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

1991இல் லிங்கனைச் சேர்ந்த சட்டமன்ற உறுப்பினர் டையானா ஷிமெக் கொண்டுவந்த மசோதா இந்தச் சலிப்புக்கு மருந்தாக வந்ததுதான். தேர்வாளர் வாக்கைத் தொகுதிவாரியாகப் பிரித்தால் வேட்பாளர்கள் கொஞ்சமாவது எட்டிப் பார்ப்பார்கள், மக்களுக்கும் வாக்குச்சாவடிக்குப் போக ஒரு காரணம் கிடைக்கும் என்பது வாதம். மெய்ன் 1972 முதலே அப்படிச் செய்துகொண்டிருந்தது. ஆளுநர் பென் நெல்சன் கையெழுத்திட்டார். 1992 தேர்தலில் நடைமுறைக்கு வந்தது. குடியரசுக் கட்சிக்காரர்களுக்கு அன்று முதலே உறுத்தல். 1995இலும் 1997இலும் சட்டமன்றம் இதை ரத்து செய்து மசோதா நிறைவேற்ற, நெல்சன் இரண்டு முறையும் தடுத்தார். அப்புறம் 2004 வரை எல்லா வாக்குகளும் ஒரே பக்கம் போனதால் யாரும் பெரிதாகப் பேசவில்லை.

2008 அதை மாற்றியது. ஒபாமாவின் குழு ஒமாஹாவில் அலுவலகம் திறந்து வீடு வீடாக ஆள் அனுப்பியது. ஒமாஹாவின் வடக்கே கறுப்பின மக்கள், தெற்கே இறைச்சித் தொழிற்சாலைகளை நம்பி வந்த லத்தீன் குடும்பங்கள், நடுவில் பல்கலைக்கழகமும் மருத்துவமனைகளும் காப்பீட்டு நிறுவனங்களும், மேற்கே படித்த நடுத்தர வர்க்கத்தின் புதுக் குடியிருப்புகள். இவர்கள் ஒவ்வொருவரின் வாக்கும் அதுவரை மாநிலக் கணக்கில் கரைந்து போயிருந்தது. இப்போது அது தனியாக எண்ணப்பட்டது. தேர்தல் முடிந்து சில நாட்கள் கழித்துத்தான் முடிவு தெரிந்தது: மூவாயிரத்துச் சொச்சம் வாக்கு வித்தியாசத்தில் ஒபாமா அந்தத் தொகுதியை வென்றிருந்தார். ஜான்சனுக்குப் பிறகு நெப்ராஸ்காவிலிருந்து ஒரு ஜனநாயகக் கட்சிக்காரருக்குக் கிடைத்த முதல் தேர்வாளர் வாக்கு அது.

விதியை மாற்ற முடியாவிட்டால் எல்லையை மாற்றலாம் அல்லவா? 2011இல் தொகுதி எல்லைகளைத் திருத்தியபோது, விமானப் படைத் தளமும் பெல்வியூ நகரமும் உள்ள கிழக்கு சார்ப்பியை வெளியே தள்ளி, குடியரசுக் கட்சிக்குச் சாய்வான மேற்கு சார்ப்பியை உள்ளே இழுத்தார்கள். 2012இல் ராம்னி ஏழு சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். 2016இல் ட்ரம்ப் இரண்டு புள்ளியில் தப்பித்தார். 2020இல் பைடன் ஆறரைப் புள்ளி முன்னால் போனார். 2021இல் டக்ளஸ் கவுண்டியையே இரண்டாக வெட்டும் திட்டம் வந்து, எதிர்ப்பால் நின்று, கடைசியில் முழுக்க முழுக்கக் கிராமமான சாண்டர்ஸ் கவுண்டியை ஒமாஹாவோடு ஒட்டிவிட்டார்கள். 2024இல் அந்த ஒட்டும் போதவில்லை.

ஒரு வாக்குக்கு உள்ள மதிப்பைப் பார்க்க 2020 அக்டோபர் 27 இரவுக்குப் போகலாம். தேர்தலுக்கு ஒரு வாரம். அதிபர் ட்ரம்ப் ஒமாஹாவின் எப்லி விமான நிலையத்தில் கூட்டம் போட்டார். உறைபனிக்குப் பக்கமான குளிர். கூட்டம் முடிந்து அவருடைய விமானம் கிளம்பிவிட்டது. மைல் கணக்கான தூரத்தில் இருந்த வாகன நிறுத்தங்களுக்குத் திரும்ப வேண்டிய ஆயிரக்கணக்கான பேருக்குப் பேருந்துகள் வந்து சேரவில்லை. வயதானவர்கள் உட்பட இருட்டில் நின்றார்கள், நடந்தார்கள். சிலரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டியிருந்தது. தேர்தலுக்கு முந்தைய வாரத்தில் ஓர் அதிபர் நெப்ராஸ்காவுக்கு வருகிறார் என்பதே பழைய விதி இருந்தால் நடந்திருக்காது. ஷிமெக் சொன்னது பலித்துவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

இப்போது 2024க்கு வருவோம். ஏப்ரலில் ஒரு வலதுசாரிப் பிரசாரகர் சமூக ஊடகத்தில் இந்த விதியைச் சாடி எழுத, ஆளுநர் ஜிம் பில்லென் உடனே ‘விதியை மாற்றும் மசோதாவுக்கு என் ஆதரவு’ என்றார். சட்டமன்றத்தில் ஒரு சிக்கல் இருந்தது. பெயரளவில் கட்சியில்லாத அந்த 49 பேரில் எதிர்ப்பவர்கள் பேசிப் பேசியே ஒரு மசோதாவை இழுத்தடிக்கலாம். அந்தப் பேச்சை நிறுத்த 33 வாக்கு வேண்டும். அதே வாரத்தில், ஒமாஹாவைச் சேர்ந்த ஜனநாயகக் கட்சி உறுப்பினர் மைக் மெக்டானல் குடியரசுக் கட்சிக்கு மாறினார். கருக்கலைப்பு விஷயத்தில் அவருக்கும் கட்சிக்கும் ஒத்துப்போகவில்லை. மாநிலக் கட்சி அவர் மீது கண்டனத் தீர்மானமே போட்டிருந்தது. அவரைச் சேர்த்தால் எண்ணிக்கை சரியாக 33. ஒமாஹா தீயணைப்பு வீரர்கள் சங்கத்தின் முன்னாள் தலைவரான ஒரே ஒருவரின் கையில் அமெரிக்க அதிபர் தேர்தலின் ஒரு வாக்கு வந்து நின்றது.

மெய்ன் சும்மா இருக்கவில்லை. நீங்கள் மாற்றினால் நாங்களும் மாற்றுவோம் என்று அங்கிருந்த ஜனநாயகக் கட்சித் தலைமை எச்சரித்தது. மெய்னின் இரண்டாவது தொகுதி ட்ரம்ப்புக்கு ஒரு வாக்கு கொடுக்கும் கிராமப்புறம். ஒன்றுக்கு ஒன்று சரியாகிவிடும். ஆனால் மெய்ன் சட்டப்படி, மூன்றில் இரண்டு பங்கு ஆதரவு இல்லாத சட்டம் நடைமுறைக்கு வர, கூட்டத்தொடர் முடிந்து 90 நாள் ஆகும். செப்டம்பரில் நெப்ராஸ்கா முயன்றால் மெய்னுக்குப் பதிலடி கொடுக்க நேரமே இருக்காது. அந்த 90 நாள் கெடு கடந்த பிறகு, செப்டம்பரில் கிரஹாம் வந்தது தற்செயல் என்று நான் நம்பவில்லை.

ஐந்து நாள் கழித்து, செப்டம்பர் 23 அன்று மெக்டானல் பதில் சொன்னார். தேர்தலுக்கு 43 நாள் இருக்கும்போது விதியை மாற்றும் நேரம் இதுவல்ல; வேண்டுமானால் அரசியலமைப்புத் திருத்தமாக மக்களிடமே கொண்டுபோங்கள். கதவு மூடியது. கட்சி மாறி வந்தவர், புதுக் கட்சியின் தலைவர்கள் எல்லோரும் அழுத்தம் கொடுக்கும் நேரத்தில், அதுவும் அடுத்த ஆண்டு ஒமாஹா மேயர் பதவிக்கு நிற்கும் எண்ணம் உள்ளவர், இதைச் சொன்னார். அவருக்கு நகரத்து வாக்காளர்களின் கோபமும் மனதில் இருந்திருக்கும். இருக்கட்டும். ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றக்கூடாது என்று அவர் சொன்னது சரியான பேச்சு, சரியான நேரத்தில் சொன்ன பேச்சு.

அந்தக் கோடையில் ஒமாஹா வீட்டு முற்றங்களில் ஒரு பலகை பரவத் தொடங்கியிருந்தது. வெள்ளைப் பின்னணியில் ஒரு நீல வட்டம். எழுத்து கிடையாது, வேட்பாளர் பெயர் கிடையாது. ஓர் ஒமாஹா தம்பதி தங்கள் வீட்டுக்காகச் செய்து வைத்தது. பார்த்தவர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று கேட்க, ஆயிரக்கணக்கில் பெருகியது. சிவப்பு குடியரசுக் கட்சியின் நிறம், நீலம் ஜனநாயகக் கட்சியின் நிறம்; சிவப்பு மாநிலத்தில் ஒரு நீலப் புள்ளி என்பது அதன் பொருள். எதிர்த்தரப்பும் சிவப்பில் நெப்ராஸ்கா வடிவப் பலகைகளை நட்டது. ஆகஸ்டில் வால்ஸ் ஒமாஹாவின் பக்கத்து ஊரான லா விஸ்டாவுக்கு வந்து கூட்டம் நடத்தினார்.

நவம்பர் 5 அன்று ஹாரிஸ் அந்தத் தொகுதியை நாலரைப் புள்ளி வித்தியாசத்தில் வென்றார். நாட்டில் 312க்கு 226 என்று தோற்றதால் அந்த ஒன்று எதையும் மாற்றவில்லை. அதே தொகுதியில், அதே வாக்குச்சீட்டில், குடியரசுக் கட்சியின் டான் பேக்கன் பிரதிநிதிகள் சபைக்கு மறுபடி வென்றார். முன்னாள் விமானப் படை அதிகாரி. ட்ரம்ப்பை அவ்வப்போது வெளிப்படையாக எதிர்ப்பவர். அதிபருக்கு ஒரு கட்சி, சபைக்கு இன்னொரு கட்சி என்று பிரித்துப் போட்ட ஆயிரக்கணக்கானோர் அங்கே இருந்தார்கள்.

ஒமாஹா நகரம்தானே, அது அப்படித்தான் என்று சொல்லிவிடலாம். ஆனால் அன்று மாநிலம் முழுவதும் போட்ட மற்ற வாக்குகளைப் பார்த்தால் கதை மாறுகிறது. ட்ரம்ப் ஹாரிஸைவிட இருபது புள்ளி கூடுதலாகப் பெற்ற அதே சீட்டில், செனட்டுக்கு நின்ற சுயேச்சை டான் ஆஸ்போர்ன் 46.5 சதவீதம் வாங்கி, டெப் ஃபிஷரிடம் ஏழு புள்ளிக்கும் குறைவாகத் தோற்றார். ஆஸ்போர்ன் ஒமாஹா கெல்லாக்ஸ் ஆலையில் மெக்கானிக்காக இருந்து 2021 வேலைநிறுத்தத்தை நடத்தியவர். ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரை நிறுத்தவில்லை; அவரும் அந்தக் கட்சியின் ஆதரவு வேண்டாம் என்றார். கட்சிப் பெயரை எடுத்துவிட்டால் பதின்மூன்று புள்ளிக்கு மேல் நகர்கிறது என்றால், அந்த மக்கள் எதை நிராகரிக்கிறார்கள் என்று யோசிக்க வேண்டும்.

நேரடிக் கேள்விகளுக்கு அவர்கள் தந்த பதில்கள் இன்னும் சுவாரசியம். சம்பளத்தோடு நோய் விடுப்பு: நாலில் மூன்று பேர் ஆதரவு. மருத்துவத்துக்குக் கஞ்சா: பத்தில் ஏழு பேர் ஆதரவு. குறைந்தபட்சக் கூலியை 2014இலும் 2022இலும் இவர்களே உயர்த்தியிருந்தார்கள். ஏழைகளுக்கான மருத்துவ உதவித் திட்டத்தை 2018இல் விரிவாக்கியிருந்தார்கள். தனியார் பள்ளிகளுக்கு அரசுப் பணம் கொடுக்கும் சட்டத்தை 57 சதவீதம் பேர் ரத்து செய்தார்கள், கிராமக் கவுண்டிகளில் பெரும்பாலானவையும் சேர்ந்துதான். ஆர்தர் போன்ற இடத்தில் அந்தச் சட்டத்தால் யாருக்கு என்ன பயன்? அங்கே இருப்பது ஒரு பொதுப் பள்ளி. வெள்ளிக்கிழமை கால்பந்தும் அங்கேதான், திருமண விருந்தும் அங்கேதான். அதே நாளில் கருக்கலைப்புக்கு முதல் மூன்று மாதத்தோடு வரம்பு கட்டும் திருத்தத்துக்கு 55 சதவீதம் பேர் ஆதரவு தந்தார்கள். அவர்கள் இடதும் இல்லை, கட்சி அறிக்கையில் உள்ள வலதும் இல்லை. ஒவ்வொன்றாகக் கேட்டால் ஒவ்வொன்றாகப் பதில் சொல்கிறார்கள். அதிபர் தேர்தல் மட்டும் அவர்களிடம் ஒரே கேள்வி கேட்கிறது, அதற்கு ஒரே பதில்தான் எண்ணப்படுகிறது.

அப்படியானால் எல்லா மாநிலமும் நெப்ராஸ்கா வழிக்கு மாறிவிடலாமே? இந்த இடத்தில் எனக்கே தயக்கம் உண்டு. 2012இல் நாடு முழுவதும் தொகுதிவாரியாக எண்ணியிருந்தால், ஐம்பது லட்சம் வாக்கு கூடுதலாகப் பெற்ற ஒபாமா தோற்று, ராம்னி 274க்கு 264 என்று வென்றிருப்பார். காரணம், தொகுதி எல்லைகளை வரைவது அரசியல்வாதிகள். ஒமாஹாவில் 2011இலும் 2021இலும் செய்ததை நாடு முழுக்கச் செய்வார்கள். அதிபரைத் தேர்ந்தெடுப்பது எல்லைக்கோடு போடுபவரின் பென்சிலாகிவிடும். நெப்ராஸ்காவின் முறை நெப்ராஸ்காவுக்கு நன்மை செய்திருக்கிறது. நாட்டின் நோய்க்கு அது மருந்தாகாது. ஒவ்வொரு குடிமகனின் வாக்கையும் நேராக எண்ணுவதுதான் நியாயம் என்பது என் கருத்து. அதுவரை ஒமாஹாவில் கிடைத்த சின்ன இடத்தையும் பிடுங்குவதில் எந்த நியாயமும் இல்லை.

முயற்சி நிற்கவில்லை. 2025இல் புதிய சட்டமன்றம் கூடியதும் மசோதா மறுபடி வந்தது. இந்த முறை குடியரசுக் கட்சியிடம் 33 பேர் இருந்தார்கள். ஏப்ரல் 8 அன்று வாக்கெடுப்பில் 31க்கு 18. அவர்கள் பக்கத்திலேயே இரண்டு பேர் எதிர்த்து வாக்களித்தார்கள். அடுத்த மாதம் ஒமாஹா மேயர் தேர்தலில் ஜனநாயகக் கட்சியின் ஜான் யூயிங் வென்று, அந்த நகரம் தேர்ந்தெடுத்த முதல் கறுப்பின மேயரானார். முதல் சுற்றிலேயே மெக்டானல் வெளியேறியிருந்தார். ஜூன் மாதக் கடைசியில் பேக்கன், 2026இல் தான் நிற்கப்போவதில்லை என்றார். ஆஸ்போர்ன் மீண்டும் சுயேச்சையாக, இந்த முறை செனட்டர் பீட் ரிக்கெட்ஸை எதிர்த்து. மக்கள் வாக்களித்துப் பெற்ற நோய் விடுப்புச் சட்டத்தையோ சட்டமன்றம் திருத்தி, பத்துப் பேர் வரை வேலை செய்யும் நிறுவனங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது.

சட்டமன்ற உறுப்பினர்களுக்கு ஆண்டுச் சம்பளம் 12,000 டாலர். அதனால் அங்கே உட்கார்பவர்களில் பலர் பண்ணை வைத்திருப்பவர்கள், ஓய்வு பெற்றவர்கள், வேறு வருமானம் உள்ளவர்கள். தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் நிற்க முடியாது. ஆகவே 2028க்கு முன்னால் அந்த 49 பேரில் பலர் புது முகங்களாக இருக்கலாம். 33 என்ற எண்ணிக்கை எட்டுமா என்பது 2026 நவம்பரில், கட்சிப் பெயர் அச்சிடாத அந்தச் சீட்டுகளில் முடிவாகும்.